வழுவும் அமைதியும்: தமிழ் இலக்கண மரபில் விதிமீறலின் இடமும் இன்றைய உரைநடை மதிப்பீடும்

முன்னுரை

'வேலை கொடு' என்று எழுதினால் பணி கேட்பதாகப் பொருள்படும். 'வேலைக் கொடு' என்று எழுதினால் வேல் என்னும் படைக்கலத்தைக் கேட்பதாகப் பொருள்படும். ஒரு ககர ஒற்று மிகுவதும் மிகாமையும் தொடரின் பொருளையே மாற்றிவிடுகின்றன. இத்தகைய சான்றுகளைக் காட்டியே எழுத்துநடையின் விதிகள் தமிழ் வகுப்பறைகளில் கற்பிக்கப்பட்டு வருகின்றன. அது முறையானதே. ஆயின், விதி எந்த இடத்தில் நெகிழும், எக்காரணம் பற்றி நெகிழும், எவ்வளவு நெகிழும் என்னும் வினாக்கள் அதே வகுப்பறையில் எழுப்பப்படுவது அரிது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பாடமாகப் பயிலும் மாணவர் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றையும் தேர்வுக்கு விளக்கி எழுதுகின்றனர். அவர்களுடைய கட்டுரையைத் திருத்தும்போதோ வழு, வழாநிலை என்னும் இரண்டு மட்டுமே அளவுகோலாகின்றன. மூன்றாவது பாடநூலிலேயே தங்கிவிடுகிறது.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயில்வோரிடத்து இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. பாலக்காட்டிலும் பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வளர்ந்த மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழ் ஒரு தன்மையதன்று. அவர்கள் எழுதும் தொடரில் பிழை எது, வழக்கு எது, வேண்டிச் செய்த மீறல் எது என்று பிரித்தறிய ஆசிரியருக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அவ்வளவுகோல் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது என்பதையும், அம்மரபிலேயே அதற்குத் தடையாக நிற்கும் ஒரு கருத்தும் உள்ளது என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழு காத்தலின் இரு கூறுகள்

சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். இப்பெயருக்கு விளக்கம் தரும் சேனாவரையர், குறுநொய்யை நீக்கி அரிசியை அமைப்பவரை அரிசி ஆக்கினார் என்று சொல்வதுபோல, வழுவை நீக்கிச் சொற்களை அமைத்துக்கொள்வதால் இவ்வியல் கிளவியாக்கம் எனப்பட்டது என்று கருதுகிறார். திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்னும் ஏழும் மயங்கும்போது வழு தோன்றும் என்பது உரையாசிரியர்கள் வகுத்துக் காட்டும் முறை. நன்னூலாரும் பொதுவியலில் இவ்வேழனையும் தொகுத்துரைக்கிறார்.

இங்கு எண்ணத்தக்கது ஒன்று உண்டு. வழு காத்தல் என்னும் செயலை உரையாசிரியர்கள் ஒருமுகமாகக் கொள்ளவில்லை. வழுவாது சொல்லுக என விதித்தல் ஒரு கூறு. வழுவியதை ஏற்ற காரணம் காட்டி அமைத்துக்கொள்ளுதல் மற்றொரு கூறு. இரண்டும் சேர்ந்ததே காத்தல். விலக்குவதால் மட்டுமன்றி, ஏற்பதாலும் மொழி காக்கப்படுகிறது என்பது இதன் உட்கிடை. சேனாவரையர் காட்டிய உவமையை நீட்டிச் சொன்னால், புடைத்து நீக்கிய நொய்யை மரபு எறிந்துவிடவில்லை. அது கஞ்சிக்கு உதவும் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறது.

காரணமே அமைதி

ஒரு தொடர் வழுவாவதும் வழுவமைதியாவதும் அதன் வடிவத்தால் அன்று, காரணத்தால். ஒருவர் தம் பசுவை அம்மை என்று சொல்லி, 'வந்தாள்' என்னும் உயர்திணை வினையால் தொடரை முடிக்கிறார். திணை அறியாதவர் இவ்வாறு சொன்னால் அது வழு. பசுவின்மேல் கொண்ட அன்பினால் சொன்னால் அமைதி. இரு தொடருக்கும் எழுத்தளவில் வேறுபாடில்லை. நன்னூலார் திணையும் பாலும் இவ்வாறு மயங்குவதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களைத் தருகிறார். ஐந்தும் சொல்வோனின் உள்ளநிலையைச் சார்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. சொல்வோன் யார், எப்பொருளைப் பற்றி எம்மனநிலையில் சொல்கிறான் என்பதை அறியாமல் தொடரை மட்டும் நோக்கி வழுவென்று தீர்ப்பளிக்க இவ்விதி இடம்தரவில்லை.

காலவழுவமைதியிலும் இம்முறையே பின்பற்றப்படுகிறது. இன்னும் புறப்படாதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். எதிர்காலச் செயல் இறந்தகாலத்தால் சொல்லப்படுகிறது. விரைவு என்பது காரணம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதைக் கண்டவர் 'மழை பெய்தது' என்கிறார்; தெளிவு என்பது காரணம். முன்பு விளையாடிய இடத்தைக் காட்டி, 'சிறுவயதில் இங்கேதான் விளையாடுவோம்' என்கிறார். இயல்பு என்பது காரணம். மிகுதியையும் சேர்த்து நன்னூலார் நான்கு காரணங்கள் கூறுகிறார். தொல்காப்பியரும் விரைவுப் பொருளில் காலம் மயங்குவதை வினையியலில் ஏற்றுக்கொள்கிறார்.

இவற்றை நோக்க, விதியின் நோக்கம் பொருளை உணர்த்துவது என்பதும், விதியைப் பின்பற்றினால் உணர்த்த இயலாத ஒரு பொருள் மீறலால் உணர்த்தப்படுமாயின் மீறலும் அந்நோக்கத்தையே நிறைவேற்றுகிறது என்பதும் புலனாகின்றன. 'இதோ வருவேன்' என்று காலம் பிழையாமல் சொன்னால் விரைவு புலப்படாது. எனவே இத்தொடரைத் திருத்துவது பிழை நீக்கமாகாது. பொருள் இழப்பாகவே முடியும்.

மீறலுக்கும் உண்டு வரம்பு

காரணம் இருப்பின் எதுவும் ஏற்கப்படும் என்று மரபு கொள்ளவில்லை. எச்சவியலில் தொல்காப்பியர் அடுக்குத்தொடரைப் பற்றிக் கூறும்போது, செய்யுளில் இசை நிறைத்தற்பொருட்டு ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கலாம் என்றும், விரைவு பற்றி வரும் அடுக்கு மூன்று முறையைக் கடக்கலாகாது என்றும் வரையறுக்கிறார். தீப்பற்றிய வீட்டின் முன் நின்று 'தீ தீ தீ' என்று கூவுவதற்கும் இலக்கணம் எல்லை வகுத்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இதன் உட்கருத்து எளிது. திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஓர் அளவுவரை உணர்ச்சியைப் புலப்படுத்தும். அதனைக் கடந்தால் கேட்போரின் கவனம் உணர்ச்சியை விட்டுச் சொல்லின் மேல் செல்லும். அப்போது காரணம் தன் வலிமையை இழக்கிறது.

செய்யுள் விகாரங்களும் இவ்வாறே எண்ணி வரையறுக்கப்பட்டவை. வலித்தல், மெலித்தல், விரித்தல், தொகுத்தல், நீட்டல், குறுக்கல் என ஆறனைத் தொல்காப்பியர் குறிப்பிடுகிறார். நன்னூலார் இவ்வாறுடன் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுகிறார். புலவனுக்கு வழங்கப்பட்ட உரிமை இது. எனினும் அவ்வுரிமை புலவன் என்னும் தகுதிக்காக வழங்கப்பட்டதன்று; யாப்பின் தேவைக்காக வழங்கப்பட்டது. தொடுக்குங்கால் எழும் தேவையையே தொல்காப்பியர் அடிப்படையாக வைக்கிறார்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறலாம். காரணம் நீங்கினால் உரிமையும் நீங்கும். 1959இல் தொடங்கப்பெற்ற 'எழுத்து' இதழ் வளர்த்தெடுத்த புதுக்கவிதை யாப்பை விட்டு விலகியது. யாப்பு இல்லாத இடத்தில் யாப்பு பற்றிய தொகுத்தலுக்கும் குறுக்கலுக்கும் பழைய காரணம் இல்லை. ஆகவே புதுக்கவிதையில் ஒரு சொல் சிதைந்து வருமாயின், 'கவிதையாதலின் அமையும்' என்று கூறிக் கடந்துவிட இயலாது. வேறொரு காரணத்தைக் கவிதையே காட்ட வேண்டும். புதுக்கவிதை பெற்ற விடுதலை பெரிது என்பர். இவ்வகையில் நோக்கினால், மரபுக்கவிஞனுக்கு ஆயத்தமாக இருந்த சில சலுகைகளைப் புதுக்கவிஞன் இழந்திருக்கிறான் என்பதும் உண்மையே.

வழு விதியாதல்

அமைதியாக ஏற்கப்பட்டது காலப்போக்கில் வழாநிலையாவதுண்டு. இதற்கு மூன்று சான்றுகளைக் காட்டலாம்.

முதலாவது, கள் விகுதி. தொல்காப்பியத்தில் இது அஃறிணைப் பெயரோடு சேர்ந்து பன்மை உணர்த்துவது. திருக்குறளில் 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என உயர்திணைப் பலர்பாற் பெயரின் மேலும் இது வந்துள்ளது. அர் ஈறே பன்மை உணர்த்த, அதன்மேல் கள் சேர்வது மிகை என்று தொல்காப்பிய நெறி பற்றிக் கூறலாம். 13ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூல் பலர்பாற் பெயரின் ஈறுகளுள் கள்ளையும் சேர்த்துக்கொள்கிறது. இன்று 'மாணவர்கள்' என்று எழுதுவோரை யாரும் திருத்துவதில்லை.

இரண்டாவது, மரியாதைப் பன்மை. ஒருவரைப் பன்மையாற் சொல்லுதல் உயர்த்திச் சொல்லும் வழக்கே அன்றி இலக்கணத்திற்குரிய சொல்லாறு அன்று என்பது தொல்காப்பியர் கருத்து. இன்றோ ஆசிரியர் ஒருவரைப் பற்றி 'ஆசிரியர் வந்தார்' என்று எழுதுவதே முறை. பால் பிழையாமல் 'ஆசிரியர் வந்தான்' என்று எழுதினால் அது இன்றைய மரபில் வழுவாகும். அன்றைய மீறல் இன்றைய விதியாகவும், அன்றைய விதி இன்றைய மீறலாகவும் இடம் மாறியுள்ளன. ஒருவரை 'வந்தார்' என்பதா 'வந்தான்' என்பதா என்னும் தேர்வில் இன்று இலக்கணத்தோடு சமூக மதிப்பும் கலந்திருக்கிறது என்பதையும் மறுக்கவியலாது.

மூன்றாவது, விடை வகை. கேட்ட வினாவுக்கு நேரே விடை கூறாமல் வேறொன்றைக் கூறுதல் தொல்காப்பியத்தில் வழுவினும் விலக்கத்தகாதது என்ற நிலையில் வைக்கப்பட்டுள்ளது. 'சாப்பிட்டாயா?' என்பதற்குத் 'தலை வலிக்கிறது' என்பது விடையாவது இதனால்தான். நன்னூலாரோ சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றனோடு ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தனையும் சேர்த்து விடையை எட்டு வகையாக எண்ணிவிடுகிறார். வழுவாக இருந்தது வகையாகிவிட்டது.

இலக்கணமின்றியும் இலக்கணமுடையதுபோல் வழங்குவதற்கு இலக்கணப்போலி என்று பெயரிட்டு, 'முன்றில்' போன்ற சொற்களுக்கு இயல்பு வழக்கினுள் இடம்தந்ததும் இம்மனப்போக்கே. கால மாற்றத்தால் பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமல்ல என்ற கருத்தைச் சொல்லதிகாரத்தின் இறுதியில் புறனடையாக வைத்ததன் மூலம், தாம் இயற்றிய விதிகளுக்கும் காலம் உண்டு என்பதை நன்னூலார் ஒப்புக்கொள்கிறார். தொல்காப்பியரும் தம் நூலில் இத்தகைய புறனடைகளை வைத்துள்ளார். புறனடையை நூலின் முடிவில் வரும் சம்பிரதாயமாகக் கொள்ளாமல், நூல் முழுவதையும் படிப்பதற்கான திறவுகோலாகக் கொள்வது பொருந்தும்.

விதியின் ஆட்சி எல்லை

நன்னூற் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் தமிழில் கிடைக்கும் மிகச் சுருக்கமான நடைக்கையேடு எனலாம். குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய குற்றங்களும், சுருங்கச் சொல்லல், விளங்கவைத்தல், முறையின் வைப்பு முதலிய அழகுகளும் இன்றும் ஆய்வேட்டு நடைக்கு அறிவுரையாக எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் பாயிரம் இவற்றை 'நூல்' என்பதன் இலக்கணமாகவே கூறுகிறது. புனைவுக்கும் கடிதத்திற்கும் தன்வரலாற்றுக்கும் இவற்றை அப்படியே பொருத்துவோர் விதியின் ஆட்சி எல்லையை மறந்துவிடுகின்றனர்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) கிளைக்கதைகளால் வளர்வது. தெற்கு நோக்கி வந்து குடியேறிய ஒரு சமூகத்தின் நினைவுகள் கதைக்குள் கதையாக விரிகின்றன. மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தை இதன்மேல் ஏற்றினால் நாவலின் பெரும்பகுதியை நீக்கவேண்டியிருக்கும். வாய்மொழியாகக் கதைசொல்பவர் ஒன்றைத் தொட்டு மற்றொன்றுக்குச் செல்வதே முறை. அம்முறையை எழுத்தில் கொண்டுவருவது நாவலாசிரியரின் நோக்கமாதலின், அங்கு விரித்தலே முறையின் வைப்பாகிறது.

குற்றம் இடம்நோக்கியே குற்றமாகும் என்பதை அணிநூலார் இன்னும் வெளிப்படையாக விளக்கியுள்ளனர். தண்டியின் 'காவியாதர்சம்' பொருள் தொடர்பற்ற கூற்றைக் குற்றமாகக் கூறிவிட்டு, பித்தர், மதுவுண்டோர், குழந்தைகள் ஆகியோர் கூற்றாக வரும்போது அது குற்றமாகாது என்கிறது. கூறியது கூறல் பற்றியும், இரக்கம் முதலிய உணர்ச்சியின் மிகுதியை உணர்த்த வருமாயின் அது குற்றம் நீங்குவதோடு அணியாகவும் ஆகும் என்கிறது. இவ்வடமொழி நூலைத் தழுவி எழுந்த தண்டியலங்காரமும் சொல்லணியியலில் வழுக்களை எண்ணி அவற்றுக்குரிய அமைதிகளையும் கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர் 'த்வன்யாலோக'த்தில், செவிக்கு இன்னாத ஓசை போன்றவற்றை நிலையற்ற குற்றங்கள் என்கிறார். காதற்சுவைக்கு ஊறு செய்யும் வல்லோசை வெகுளிச்சுவைக்குத் துணையாகும். வடக்கிலும் தெற்கிலும் தோன்றிய இந்நூல்கள் ஒருமித்துக் கூறுவது இதுவே: குற்றப்பட்டியல் மட்டும் திறனாய்வாகாது, எது எங்கு எதற்காக வந்தது என்று காண்பதே திறனாய்வு.

உரைநடைப் புனைவில் மீறலின் வளர்ச்சி

இக்கண்கொண்டு தற்கால உரைநடையை நோக்கலாம். கதைகூற்று எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் அமைவது தமிழ்ப் புனைகதையில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட எழுதா விதி. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்கு வட்டாரப் பேச்சை உரையாடலில் கொண்டுவந்தது. பேசுவோர் அவ்வட்டாரத்து உழவர் என்பது அங்குக் காரணமாக அமைந்தது. இன்னார் கூற்று என்பதால் ஏற்கப்படும் இவ்வமைதி அணிநூலார் கூறிய வகையைச் சார்ந்தது. ஆசிரியர் கூற்று எழுத்துத் தமிழிலேயே நின்றது. அதனால் வாசகர் இரு தமிழையும் வேறுபடுத்திக்கொண்டே படித்தனர். கதையைச் சொல்லும் தமிழ் ஒன்று, கதைக்குள் வாழும் தமிழ் மற்றொன்று.

பாமாவின் 'கருக்கு' (1992) இவ்வெல்லையை நீக்கியது. தன்வரலாற்றுத் தன்மையுடைய இந்நூலில் நினைவு கூர்பவரின் கூற்றும் பேச்சுத் தமிழிலேயே அமைந்துள்ளது. ஒற்று மிகும் விதியும் எழுத்துவழக்கின் சொல்வடிவமும் பல இடங்களில் கைவிடப்பட்டுள்ளன. தலித் மக்களின் வாழ்வை அம்மக்களுள் ஒருவர் கூறும்போது, சொல்பவர் வேறொரு தமிழுக்கு மாறிக்கொண்டால் அம்மக்கள் மீண்டும் மேற்கோட்குறிக்குள் சென்றுவிடுவர்; பிறர் பார்வைக்கு வைக்கப்பட்ட பொருளாகிவிடுவர். இங்கு மீறலால் உணர்த்தப்படுவது சொல்வோருக்கும் சொல்லப்படுவோருக்கும் இடையே தொலைவு இல்லை என்பதாகும். இதனை எழுத்துத் தமிழில் செய்தியாகச் சொல்லலாம், உணர்த்த இயலாது. 'இதோ வந்துவிட்டேன்' என்பதில் காலம் மாறியதற்கு என்ன நியாயமோ அதே நியாயம் இங்கும் பொருந்துகிறது.

மேலும், பேச்சுத் தமிழ் விதியற்றது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. 'படித்து' என்பது 'படிச்சு' எனவும், 'வைத்து' என்பது 'வச்சு' எனவும், 'செய்து' என்பது 'செஞ்சு' எனவும் மாறுவது மனம்போன போக்கில் நிகழ்வதன்று. முன்னுள்ள இ, ஐ, ய் ஆகியவற்றின் சார்பால் தகரம் சகரமாகத் திரியும் ஒழுங்கு அதில் உண்டு. 'ஐந்து' என்பது 'அஞ்சு' எனத் திரிவதும் இத்தகையதே. ஆனால் 'அஞ்சு' முற்றுப்போலி என்று பெயர் பெற்று இலக்கண நூலுக்குள் இருக்கிறது. 'படிச்சு' பிழை என்று பெயர் பெற்று வெளியில் நிற்கிறது. ஒரே வகையான மாற்றம் இருவேறு மதிப்பைப் பெற்றிருப்பதற்கு ஒலியியல் காரணம் இல்லை.

உயர்ந்தோர் வழக்கு என்னும் தடை

அவ்வாறாயின் வேறு காரணம் யாது? வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. எப்பொருளை எச்சொல்லால் உயர்ந்தோர் கூறினரோ அவ்வாறே கூறுதல் மரபு என்று நன்னூலாரும் மொழிகிறார். உயர்ந்தோர் யாவர் என்று அந்நூற்பாக்கள் பட்டியலிடவில்லை. எனினும் சொல்லின் ஏற்புடைமை சொல்வோரின் நிலையைப் பொறுத்தது என்னும் கருத்து அவற்றால் நிலைபெறுகிறது.

இவ்விடத்தில் மரபுக்குள்ளேயே ஒரு முரண் இருப்பதை உணரலாம். கிளவியாக்கமும் பொதுவியலும் கூறும் வழுவமைதிகள் காரணத்தை அளவுகோலாகக் கொண்டவை. அன்பும் சினமும் விரைவும் யாவர்க்கும் உரியவை. உயர்ந்தோர் வழக்கு என்னும் கருத்தோ ஆளை அளவுகோலாகக் கொள்வது. முன்னது கதவைத் திறக்கிறது. பின்னது வாயிலில் காவல் நிற்கிறது. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் ஒற்றை நீக்கி எழுதினால் நடைச்சிறப்பு என்றும், முதுகலை மாணவர் எழுதினால் பிழை என்றும், ஒடுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர் எழுதினால் மொழிப் பயிற்சியின்மை என்றும் கருதும் போக்கு இம்முரணின் இன்றைய வெளிப்பாடாகும்.

ஆயினும் மரபு இத்தடையோடு நின்றுவிடவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களையும் திசைச்சொல் என்று கொண்டு செய்யுளுக்கு உரியனவாக்கியவர் தொல்காப்பியரே. செய்யுளியலில் எட்டு வனப்புக்களுள் ஒன்றாகப் 'புலன்' என்பதை வகுத்து, ஆராய்ந்து அறியவேண்டாமல் பொருள் விளங்கும்படி சேரிமொழியால் அமைவது அது என்று கூறியவரும் அவரே. அங்குச் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்ததேயன்றி இன்றைய பொருளில் வந்ததன்று. ஆதலால் புலனைக் காட்டித் தலித் இலக்கியத்திற்குத் தொல்காப்பியரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டதாகக் கருதுவது மிகையாகும். எனினும் மக்கள் பேசும் மொழியால் ஒரு படைப்பு அமையலாம் என்பதும், அது குறையாகாமல் வனப்பாகும் என்பதும் இலக்கணத்தில் பதிவாகியுள்ளன. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும், பெருமாள்முருகன் 2000இல் வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் திசைச்சொல் என்னும் பழைய கருத்தின் இன்றைய தொடர்ச்சிகளாகவே கொள்ளத்தக்கவை.

மதிப்பீட்டிற்கான அளவுகோல்

காரணம் இருப்பின் ஏற்கலாம் என்றால், எல்லாப் பிழைக்கும் பின்னர் ஒரு காரணம் கற்பிக்கலாமே என்னும் தடை எழும். இத்தடை நியாயமானது. மேற்கண்டவற்றிலிருந்து இதற்கு நான்கு தேர்வுகளை வகுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, காரணம் பனுவலுக்குள்ளேயே புலப்பட வேண்டும். எழுதியவர் வந்து விளக்கினால்தான் தெரியும் காரணம் அமைதியாகாது. பசுவை அம்மை என்றவரின் அன்பு அச்சொல்லிலேயே தெரிகிறது.

இரண்டு, மாற்றிப் பார்க்கவேண்டும். விதிப்படி திருத்திய பின் தொடர் எதையும் இழக்கவில்லையெனில் முன்னது வழுவே. இழந்ததெனில் அவ்விழப்பே அமைதிக்குச் சான்று. 'மருந்துக் கடை' என்பதை 'மருந்து கடை' என்று எழுதுவதால் பெறுவது ஒன்றுமில்லை. மருந்தைக் கடையுமாறு ஏவும் பொருளும் அதில் புகுந்துவிடுகிறது. ஆகவே இது வழு. 'கருக்கு' நூலின் கதைகூற்றை எழுத்துத் தமிழாக்கினால் செய்திகள் எஞ்சும், குரல் எஞ்சாது. ஆகவே அது அமைதி.

மூன்று, மீறலில் ஒழுங்கு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒற்று மிகுந்தும் அடுத்த பக்கத்தில் அதே சூழலில் மிகாமலும் வருவது தேர்வைக் காட்டாது, கவனமின்மையையே காட்டும்.

நான்கு, வரம்பு காக்கப்பட வேண்டும். விரைவுக்கு மூன்று என்ற எல்லை எண்ணளவில் இன்று கொள்ளப்படாவிடினும், காரணத்தின் வலிமைக்கு ஏற்ற அளவு என்னும் அதன் நெறி இன்றும் பொருந்துவது.

இந்நான்கில் எதுவும் எழுதியவர் யார் என்று கேட்கவில்லை என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. மாணவர் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கும், வட்டார நாவலைப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியருக்கும், பாடநூலில் ஒரு சிறுகதையைச் சேர்ப்போருக்கும் இவை ஒருங்கே பயன்படும். பாடநூலில் சேர்க்கும்போது வட்டாரச் சொல்லை எழுத்துவழக்காக மாற்றிவிடுவது எளிது. அவ்வாறு மாற்றியபின் மாணவர் படிப்பது அப்படைப்பைத்தானா என்னும் வினா எஞ்சும். விடைத்தாளைப் பொறுத்தவரை, பிழையைச் சுற்றி வட்டமிடுவதோடு நிற்காமல், எவ்விதி மீறப்பட்டது என்பதைக் குறித்து அதற்குக் காரணம் கேட்பது ஒரு நல்ல பயிற்சியாக அமையும். காரணம் சொல்ல இயலாத மாணவர் விதியைக் கற்பார். காரணம் சொல்பவர் வழுவமைதியைக் கற்றவராவார்.

இவ்வளவுகோல் விதியைத் தளர்த்துவதாகக் கருதவேண்டியதில்லை. விதியை அறியாதவரால் அதனை மீறவும் இயலாது, தவறவே இயலும். தாம் மீறுவது எவ்விதி என்று அறிந்தவரே மீறலின் காரணத்தைப் பனுவலில் நாட்ட வல்லவர். ஆதலின் வழுவமைதியைக் கற்பித்தல் வழாநிலையை மேலும் ஆழமாகக் கற்பிப்பதாகவே முடியும்.

முடிவுரை

தமிழ் இலக்கண மரபு விதியையும் மீறலையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. வழு காத்தல் என்னும் ஒரு செயலின் இரு கூறுகளாகவே விலக்குதலையும் அமைத்துக்கொள்ளுதலையும் அது கண்டது. அமைதிக்குக் காரணத்தை அடிப்படையாக்கி, காரணத்திற்கு வரம்பும் வகுத்தது. கள் விகுதியும் மரியாதைப் பன்மையும் விடை வகைகளும் காட்டுவதுபோல, அமைதியாக ஏற்கப்பட்டவை பின்னர் விதியாகவும் நிலைபெற்றன. அணிநூலாரும் குற்றத்தை இடம்நோக்கியே மதிப்பிட்டனர். இம்மரபிலேயே உயர்ந்தோர் வழக்கு என்னும் கருத்து ஆளை நோக்கும் அளவுகோலாக நின்று, சிலருடைய மீறலை நடையென்றும் சிலருடைய மீறலைப் பிழையென்றும் பிரிக்க இடம்தந்துள்ளது.

இரண்டு அளவுகோல்களும் தமிழ் மரபினவே. இவற்றுள் எதனைக் கைக்கொள்வது என்பது இன்று தமிழ் கற்பிப்போரும் திறனாய்வோரும் தாமே முடிவு செய்யவேண்டியது. காரணத்தை அளவுகோலாகக் கொண்டால், திருத்தும் கை ஒவ்வொரு தொடரின் முன்னும் சற்றே நின்று, 'இது ஏன் இவ்வாறு வந்தது?' என்று கேட்கும். அவ்வினாவுக்கு விடை கிடைக்காத இடத்தில் திருத்தலாம். கிடைத்த இடத்தில் திருத்தாமல் விடுவதும் வழு காத்தலேயாகும்.